முப்பத்திரண்டு அங்குல மாப்பிள்ளை

"முப்பத்திரண்டு" என்றான் வில்பிரட்.

தையற்காரர் சிட்டிபாபு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வில்பிரட்டின் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடி இடுப்பைப் பார்த்தார்.

"எதுக்கும் டேப்பு வெச்சு ஒரு தபா பாத்துடலாமே சார்."

"எதுக்கு? என் இடுப்பு அளவு எனக்குத் தெரியாதா?"

செம்பாக்கத்தில் பெண் வீட்டுக் கூடத்தில், கல்யாணம் நிச்சயமான அன்று நடந்த சங்கதி இது. மாப்பிள்ளையின் கோட்டும் பேண்டும் பெண் வீட்டார் தைத்துக் கொடுப்பது இந்தக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். கல்யாணத்தன்று காலையில் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதுவரை மாப்பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது, போட்டுப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் அளவு மட்டும் அன்றைக்கே கேட்டார்கள்.

கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. திரைக்கு அடியில் மணப்பெண் கிருபாவின் பாதங்கள் இரண்டும் தெரிந்தன. அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு எந்த மாப்பிள்ளைக்கு நாற்பது என்று சொல்ல வாய் வரும்? வில்பிரட்டுக்கு வரவில்லை.

இதில் ஒரு சிக்கல். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பெரியவர்கள் இரண்டு பேரையும் தோட்டத்துப் பக்கம் ஐந்து வார்த்தை பேசிக்கொள்ள விட்டிருந்தார்கள். "உங்களுக்கு என்னென்ன பிடிக்காது?" என்று வில்பிரட் கேட்டான். ஆரம்பப் பள்ளி டீச்சரான கிருபா யோசிக்கவே இல்லை. "பொய் சொன்னா பிடிக்காது. வேற எதுன்னாலும் பரவாயில்லை" என்றாள்.

"எழுதிக்குங்க, முப்பத்திரண்டு" என்று வில்பிரட் அடித்துச் சொன்னான். சொன்னதும், அதுவரை இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான். விட்ட வேகத்தில் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்துத் தரையில் விழுந்து, உருண்டு, திரைக்கு அடியில் போய்விட்டது. திரைக்குப் பின்னால் ஒரு பாதம் கொஞ்சம் நகர்ந்தது. நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து வில்பிரட் போட்டிருந்த கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

மறுநாள் மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து ஆபீஸுக்குப் போகும்போது அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. கூடவே குமாஸ்தாவாக வேலை பார்க்கும் லாசரஸ்தான் எதிரே உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் அவன்தான்.

"முப்பத்திரண்டா? டேய், உன் இடுப்பு முப்பத்திரண்டா இருந்தப்ப நீ டவுசர் போட்டுக்கிட்டிருந்தே."

"சொல்லிட்டேண்டா. இப்ப அந்த பேண்ட் ஏறலைன்னா நான் பொய்யன்னு ஆயிடும். கோயில்ல, அத்தனை பேர் முன்னால, அவ கண்ணு முன்னால."

"போய் உண்மையைச் சொல்லிடேன்."

"பொய் சொல்றவனைப் பிடிக்காதுன்னு சொன்னவகிட்ட போய், நான் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றியா?"

லாசரஸ் கையிலிருந்த வாரப் பத்திரிகையைப் புரட்டினான். அப்போதுதான் வில்பிரட்டின் கண்ணில் அது பட்டது. வெடுக்கென்று பத்திரிகையைப் பிடுங்கினான்.

ஒரு முழுப் பக்க விளம்பரம். நடிகர் வீரபூபதி சட்டையில்லாமல், இடுப்பில் கை வைத்து நின்றார். இடுப்பா அது, உடுக்கை. கீழே கொட்டை எழுத்தில்: 'கட்டுடல் சூரணம். மூன்றே வாரத்தில் இடுப்பு முப்பத்திரண்டு. நான் சாப்பிடுகிறேன், நீங்கள்? இப்படிக்கு உங்கள் வீரபூபதி.'

"முப்பத்திரண்டுன்னே போட்டிருக்கான்டா" என்றான் வில்பிரட். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தான். "எனக்குன்னே போட்டிருக்கான்."

லாசரஸ் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கழுத்துகிட்ட ஒரு கோடு ஓடுது பாரு."

"சங்கிலி போட்டிருப்பார்."

"தெரு பேர் கிடையாது, கதவு நம்பர் கிடையாது. தபால் பெட்டி நம்பர் மட்டும் போட்டிருக்கான். இதோ, கோவில்பட்டி வாத்தியார், கும்பகோணம் வியாபாரி, ரங்கூன் டாக்டர், மூணு பேரும் எழுதின பாராட்டுக் கடிதம். மூணும் 'ஐயா, நான் யானை போல் இருந்தேன்'னு ஆரம்பிக்குது. மூணு ஊர்ல இருக்கிறவனுக்கும் ஒரே யானையா?"

"வீரபூபதி இதுவரைக்கும் ஒரு படத்துலயாவது பொய் சொல்லியிருக்காரா? சொல்லு."

லாசரஸ் பார்த்த படங்களையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தான். உண்மையிலேயே சொன்னதில்லை.

சூரணம் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வந்தது. டப்பா மூடியிலும் வீரபூபதி சிரித்தார். பாலில் கலந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். கேழ்வரகு மாவில் சர்க்கரை போட்ட மாதிரி நல்ல ருசி. குடித்த அரை மணியில் அப்படியொரு பசி எடுத்தது. வில்பிரட்டின் அம்மா தபீதாளுக்கு மகன் பசிக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்.

"பாரு, கல்யாணக் களை வந்ததும் பிள்ளைக்கு எப்படி வாய் திறந்திருக்கு" என்று தோசைக்கல்லை இறக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷினில் வில்பிரட் ஏறி நின்று காசு போட்டான். விளக்குகள் சுற்றின. சீட்டு வந்து விழுந்தது. எடை ஏறியிருந்தது. சீட்டின் மறுபக்கத்தில் வீரபூபதி படமும், 'உங்கள் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியாது' என்ற பலனும் இருந்தன.

வில்பிரட் கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினான். பதில் உடனே வந்தது. வில்பிரட்டின் உடம்பு சாதாரண உடம்பு இல்லையாம். விசேஷ உடம்பாம். அதற்கு இரண்டாம் நம்பர் சூரணம்தான் வேண்டுமாம். வீரபூபதியே முதலில் ஒன்றாம் நம்பர் சாப்பிட்டுப் பலிக்காமல், இரண்டாம் நம்பருக்கு மாறினாராம்.

"பாத்தியா? அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி உடம்பு" என்றான் வில்பிரட்.

"விசேஷ உடம்புன்னு இன்னும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கானோ" என்றான் லாசரஸ்.

இரண்டாம் நம்பர் கசந்தது. கசந்ததால் வில்பிரட்டுக்கு நம்பிக்கை வந்தது. கசப்பில்தானே மருந்து இருக்கிறது? ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். அன்றைக்கு இரண்டாம் ஓலை.

பாட்டு முடிந்தது. போதகர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு பெயரையும் வாசித்தார். "இவர்கள் விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே எழுந்து தெரிவிக்கலாம்" என்றார். வழக்கம்போல் கொஞ்ச நேரம் நிறுத்தினார். கோயில் நிசப்தமாக இருந்தது.

அந்த நிசப்தத்தில் வில்பிரட்டின் வயிறு பேசியது. பாடகர் குழுவரை கேட்டது.

வில்பிரட் எழுந்து நின்றான்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷ ஊழியத்தில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "வில்பிரட், நீயா?"

"இல்ல பாஸ்டர். ஆமா பாஸ்டர். வந்து சொல்றேன் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

பாடகர் குழுவில் ஜெயசீலி என்று ஒரு அம்மாள் உண்டு. அவளுடைய தங்கை வீடு செம்பாக்கத்தில் கிருபாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. வேறென்ன வேண்டும்? வில்பிரட் ஒரு வழியாகத் தெளிந்து வீடு வந்து சேர்வதற்குள், கிருபாவின் அண்ணன் ஐசக் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். தபீதாள் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, உங்க கல்யாணத்துக்கு நீங்களே தடை சொல்லி எழுந்தீங்களாமே. அந்தத் தடை என்னன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு அப்பா."

"தடையே இல்ல மச்சான்."

"பின்ன ஏன் எழுந்தீங்க?"

சூரணம் என்று சொன்னால் ஏன் சூரணம் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் முப்பத்திரண்டு வெளியே வந்துவிடும். வில்பிரட் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "சந்தோஷம் மச்சான். அவங்க பேரைக் கேட்டதும் சந்தோஷம் தாங்க முடியல."

"சந்தோஷத்துல கக்கூஸுக்கா ஓடினீங்க?"

வில்பிரட் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாருங்க மாப்பிள்ளை, மூணாவது ஓலைக்கும் நீங்க எழுந்தீங்கன்னா இந்தக் கல்யாணம் நடக்காது. அப்பா கண்டிஷனா சொல்லிட்டாரு. கிருபா ஒண்ணும் சொல்லல. ஆனா முகம் வாடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு ஐசக் காப்பிகூடக் குடிக்காமல் போனான்.

முகம் வாடிப்போச்சு என்ற வார்த்தை வில்பிரட்டைச் சாப்பிட விடவில்லை. மருந்தை நிறுத்தினால் பேண்ட் ஏறாது. நிறுத்தாவிட்டால் ஓலைக்கு உட்கார முடியாது. மருந்தை விடாமல் சாப்பாட்டை விட்டுவிடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தான். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் எது வெளியே ஓடும்? கஞ்சித் தண்ணீரும் எலுமிச்சம்பழமுமாக வாரம் போயிற்று. ஸ்டேஷன் மிஷின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலிருந்த அளவு நாடாவையும் அம்மாவின் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தான். நாடாவைப் பார்த்தாலே முப்பத்திரண்டு என்ற எண் அவனைப் பார்த்துச் சிரித்தது.

மூன்றாம் ஓலை வாசித்தபோது ஒரு பக்கம் லாசரஸும் ஒரு பக்கம் தபீதாளும் அவன் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். போதகரும் அந்தத் தடவை நிசப்தத்துக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. கேட்ட கையோடு "ஆமென்" சொல்லிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை லாசரஸ் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"டேய், செம்பாக்கம் ஏரிக்கரையில சினிமா ஷூட்டிங். வீரபூபதி வந்திருக்காராம்."

வில்பிரட்டுக்குக் கடவுளே அனுப்பின மாதிரி இருந்தது. இன்னும் இரண்டே நாள். இந்தச் சூரணத்தைச் சாப்பிட்டு இடுப்பைக் குறைத்தவரையே நேரில் பார்த்து, கடைசி நேரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டுவிடலாம். விளம்பரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பெண் வீட்டார் யாராவது பார்த்துவிட்டால் வம்பு என்று குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான். வழியில் ஒரு மாட்டின் மேலும் ஒரு பால்காரர் மேலும் மோதினான்.

ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. வில்பிரட் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வேன் நின்ற பக்கம் போனான். அங்கே ஒரு பெரிய மனிதர் சட்டையில்லாமல் நின்றிருந்தார். தொப்பை அவருக்கு முன்னால் நின்றிருந்தது. இரண்டு ஆட்கள் அவர் இடுப்பில் ஒரு தோல் பட்டையைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான்.

"ஐயா, வீரபூபதி சார் எங்கே இருக்கார்?"

"நான்தான் தம்பி, என்ன வேணும்? டேய், மெதுவா இழுங்கடா, மூச்சு முட்டுது."

வில்பிரட் முகத்தைப் பார்த்தான். முகம் அதேதான். தொப்பையைப் பார்த்தான். பையிலிருந்த விளம்பரத்தை நீட்டினான். வீரபூபதி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தலை என்னுதுதான். போன தீபாவளிப் படத்துல எடுத்தது. கழுத்துக்குக் கீழ என்னுது இல்ல."

"அப்ப நீங்க இந்தச் சூரணம் சாப்பிடலையா சார்?"

"இப்பதான் கேள்வியே படறேன். யாரைக் கேட்டு என் தலையை ஒட்டினான்னு தெரியலையே." அவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "நல்லா பேதி மருந்து வாசனை அடிக்குது. ஆமா, குறையுதா?"

வில்பிரட் உதட்டைப் பிதுக்கி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"சரி விடு. இந்த உடம்பு யாருதுன்னு தெரிஞ்சா மட்டும் வந்து சொல்லு தம்பி. அவன் என்ன சாப்பிடறான்னு எனக்கும் கேக்கணும்" என்றார் வீரபூபதி. பிறகு பட்டையை மாட்டி, சட்டையைப் போட்டு, கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். உடுக்கை இடுப்பு வந்துவிட்டது. கூட்டம் விசிலடித்தது.

வில்பிரட் டப்பாவை ஏரியில் கொட்டினான். செம்பாக்கம் ஏரி மீன்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை யாரும் எழுதிவைக்கவில்லை. மூன்று வாரமும் போச்சு, மானமும் போகப்போகிறது. இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழி என்று நேரே கிருபாவின் வீட்டுக்குச் சைக்கிளை விட்டான். வாசலில் ஐசக் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, மறுபடியும் தடையா?"

"சேச்சே, இந்தப் பக்கமா காத்து வாங்க வந்தேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டான் வில்பிரட். அதுவும் ஒரு பொய். கணக்கில் ஒன்று ஏறியது.

கல்யாணத்தன்று காலை பெண் வீட்டிலிருந்து தட்டு வந்தது. பூ, பழம், நடுவில் மடித்துவைத்த கருநீலக் கோட்டு சூட்டு. ஏதாவது கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தால் பார்க்கலாம் என்று சிட்டிபாபுவும் ஊசி நூலோடு கூடவே வந்திருந்தார். வில்பிரட் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேண்டை எடுத்துக்கொண்டு, தூக்கு மேடைக்குப் போகிறவன் மாதிரி அறைக்குள் போனான். தோழன் லாசரஸ் கூடப் போனான்.

"கிழிஞ்சா கிழியட்டும். மேல கோட்டு மறைச்சுக்கும்" என்றான் லாசரஸ்.

வில்பிரட் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினான். இருக்கிற மூச்சையெல்லாம் உள்ளே இழுத்தான். பேண்டை மேலே இழுத்தான். முழங்காலில் நிற்கும் என்று நினைத்தான், நிற்கவில்லை. தொடையில் நிற்கும் என்று நினைத்தான், அங்கேயும் நிற்கவில்லை. இடுப்புக்கு வந்தது. பொத்தானைப் போட்டான். போட்டுக்கொண்டது. நம்ப முடியாமல் கையை எடுத்தான்.

பேண்ட் தடாலென்று கீழே விழுந்தது.

இரண்டு பேரும் மறுபடி தூக்கிப் பொத்தானைப் போட்டார்கள். மறுபடி விழுந்தது.

"அம்மா" என்று வில்பிரட் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த அத்தனை பேரும் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு குதித்தான். "லூஸும்மா. முப்பத்திரண்டே எனக்கு லூஸு. நான் இப்ப முப்பது இருப்பேன். முப்பதுகூட இருக்க மாட்டேன்."

"ஏசுவே, பிள்ளை எலும்பும் தோலுமா ஆயிட்டானே" என்று தபீதாள் தலையில் கை வைத்தாள்.

"அந்தச் சூரணம் வேலை செஞ்சிருக்குடா லாசரஸ். நீ கோடு ஓடுது, யானை ஓடுதுன்னு சொன்னியே. வீரபூபதிக்கே தெரியாம அவர் தலையை ஒட்டினா என்ன, மருந்து நிஜமான மருந்துடா. அநியாயமா ஏரியில கொட்டிட்டேன்."

மூன்று வாரமாகக் கேலி பண்ணிய லாசரஸ் மெதுவாகத் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தான். "அந்தத் தபால் பெட்டி நம்பர் என்னடா போட்டிருந்தான்?"

வில்பிரட்டின் பெரிய மாமா வேதசிரோமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரால் குனிந்து தன் செருப்பைப் பார்த்து வருஷம் பல ஆகியிருந்தது. "தம்பி, எனக்கு ரெண்டாம் நம்பரே சொல்லிடு. ஒன்றாம் நம்பர் வேண்டாம்." அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் பேனா கேட்டார்கள்.

வில்பிரட்டுக்குத் தலை கிறுகிறுத்தது. பட்டினியா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை. பொய் பலித்துவிட்டது. சொன்ன வார்த்தை உண்மையாகிவிட்டது. இனி கிருபாவின் கண்ணைப் பார்த்து நிற்கலாம். நேராகச் சிட்டிபாபுவுக்கு முன்னால் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"என்ன சிட்டிபாபு, அன்னைக்கு டேப் வைக்கணும்னு சொன்னீங்களே. முப்பத்திரண்டு அளவுல தைச்ச பேண்டு எனக்கு எப்படித் தொளதொளன்னு நிக்குது பாத்தீங்களா?"

சிட்டிபாபு வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"முப்பத்திரண்டா? இன்னா சார் நீங்க, அன்னிக்கு நீங்க கெளம்புன கையோட அந்த டீச்சரம்மா அறுந்த பொத்தான எட்தாந்து என் கைல குட்த்து, 'அவரு சொன்னது அப்டியே கெடக்கட்டும்ணே, நீங்க நாப்பத்திரண்டுல தைச்சுடுங்க, கல்யாணத்தன்னிக்கு மனுஷன் வயிறாறச் சாப்புடணும்'னு சொல்லிட்சே."